பாலம் கடக்கிறவர்களுக்கு மயிலிறகு

இருட்டில் ஒளிரும் நூலைத் தொட்டுத் தைக்காதவர்கள்தான் அதைப் புகழ்கிறார்கள். வெளிச்சத்தில் பார்த்தால் அது புளித்த தேங்காய்ப்பாலின் நிறத்தில் இருக்கும். பருத்தி நூல் மாதிரி விரலுக்கு அடங்காது. தூண்டில் நரம்பைப் போல விறைத்துக்கொண்டு நிற்கும், வெட்டிய இடத்தில் பிசிறு பிசிறாகப் பிரியும். ஊசிக் காதில் கோப்பதற்குள் பாதிப் பொறுமை போய்விடும். துணிக்குள் இழுக்கும்போது அது போடும் கீச்சுச் சத்தத்தில் மீதிப் பாதியும் போய்விடும். இவ்வளவு பாடும் எதற்கு? நன்றாக வெளிச்சம் குடித்திருந்தால், இருட்டில் கொஞ்ச நேரம் வெளிறிய பச்சையாக மினுங்கும். அப்புறம் மறுபடியும் புளித்த தேங்காய்ப்பால்.

இதைப் போலத்தான் மற்ற விசேஷ நூல்களும். ஜரிகை நூல் மூன்று தையலுக்குள் தோல் உரிந்து உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டைக் காட்டும். பளபளப்பு நூல் விலாங்கு மீன் மாதிரி முடிச்சிலிருந்து நழுவும். நிறம் மாறும் நூலில் தைத்தால், எந்த இடத்தில் எந்த நிறம் வரும் என்பதை நூல்தான் முடிவு செய்யும், நான் இல்லை. ஊசி பிடித்த நாளிலிருந்து என் பெட்டியில் பருத்தி நூல் மட்டும்தான் இருந்தது. அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஜொகூர் பாருவின் ஓரத்தில், வரிசை வீடுகள் கொண்ட ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறேன். காலையில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. மதியத்துக்கு மேல் தையல். என் கணவர் எங்கள் தாமானின் பாதி ஆண்களைப் போல விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். அவர் கேட்டைத் திறக்கும்போது தெருவில் இன்னும் பல கேட்டுகள் திறக்கும் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் நாய்களும் சிங்கப்பூர் வேலைக்காரர்களும்தான் விழித்திருப்பார்கள்.

எங்கள் தாமானில் ஒரு மகளிர் குழு உண்டு. அதன் தலைவி மூலை வீட்டுக்காரர். கணவர் கட்டட ஒப்பந்தக்காரர். வாசலில் இரண்டு கார், வாசலுக்கு மேலே இரண்டு கேமரா. அவருடைய வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி முழுக்க நூல் இருக்கும். சிங்கப்பூர் கடைகளில் வாங்கியது, ஜப்பான் போனபோது வாங்கியது, இணையத்தில் வரவழைத்தது. ஜரிகை ஒரு தட்டு, பளபளப்பு ஒரு தட்டு, இருட்டில் ஒளிர்வது ஒரு தட்டு. எல்லாம் காகிதப் பட்டை கழற்றாமல், புத்தம் புதியதாக, கோயில் நகை மாதிரி அடுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு கண்டையாவது எடுத்து அவர் தைத்து நான் பார்த்ததில்லை. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுவார். "ஹாப்பி ஆயிடும் சிஸ்டர், இத பாத்தாலே" என்பார். பார்த்தால் போதும் என்றால் ஊசி எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை லாரி இடித்தது. முப்பது வயதுக்கு உட்பட்டவர், சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பாலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து வந்த லாரி தட்டிவிட்டது. ஆள் பிழைத்தது பெரிய காரியம். ஆனால் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்து, மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். அவருடைய மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அதிகம் பேசமாட்டாள். மகளிர் குழு முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்று படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதைத் தவிர.

பிறகு ஒரு சனிக்கிழமை தலைவி வீட்டில் கூட்டம் போட்டார்கள். தேநீர், வாழைப்பழ பஜ்ஜி எல்லாம் ஆனதும் தலைவி எழுந்து நின்றார்.

"சிஸ்டர்ஸ், சாப்பாடு மட்டும் கொடுத்தா பத்தாது. இனிமே இந்த மாதிரி நடக்கக் கூடாது. விடியக்காலை இருட்டுல போறாங்க நம்ம ஆம்பளைங்க. பின்னால வர்ற லோரிக்காரனுக்குத் தெரியணுமா இல்லையா?"

எல்லோரும் தலையாட்டினோம். அவர் அலமாரியைத் திறந்து இருட்டில் ஒளிரும் நூல் கண்டு ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இது இருட்டுல தானா மின்னும். நம்ம தாமான்ல மோட்டார்ல போற எல்லாரோட ஜேக்கெட் முதுகுலயும் இதுல ஒரு டிசைன் தைச்சுக் கொடுக்குறோம். நான் யோசிச்சு வச்சிட்டேன். மயிலிறகு. நடுக்கண்ணு இந்த நூல்ல, சுத்தி ஜரிகை, ஓரம் கலர் மாறுற நூல். எந்த மதமும் ஒண்ணும் சொல்ல முடியாது. அழகாவும் இருக்கும்."

பெண்கள் "ஆஹா" என்றார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, இது தானா மின்னுற நூல்தான். ஆனா வெளிச்சம் பட்டா திருப்பி அடிக்கிற சாமான் இல்ல. லோரி லைட்டு முன்னால இது தெரியவே தெரியாது. ஹார்ட்வேர் கடையில வெள்ளிப் பட்டை விக்கிறாங்களே, ரோட்டு வேலை செய்றவங்க சட்டையில இருக்குமே, அத வாங்கித் தைச்சுக் கொடுப்போம். ஒரு நாள் வேலை."

தலைவி சிரித்தார். முட்டாள் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"ஐயோ சிஸ்டர், அத போட்டா ரோட்டுல குழி தோண்டுறவங்க மாதிரி இருக்கும் லா. நம்ம கொடுக்குறதுல ஒரு கிளாஸ் இருக்க வேணாமா?"

"குழி தோண்டுறவங்கள யாரும் வந்து இடிக்கறதில்லையேக்கா."

உடனே ஒருத்தி பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். எங்கள் குழுவில் ஒருவர் வாயை அடைக்க இதுதான் வழி. நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதற்குள் மயிலிறகு முடிவாகிவிட்டது. விழாவுக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிடுவதும் முடிவாகிவிட்டது. இங்கே அவரை எல்லோரும் ஒய்.பி. என்பார்கள்.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது பக்கத்து வீட்டுப் பெண் என் கையைத் தொட்டாள். "நீங்களும் தைப்பீங்கதானேக்கா? நீங்க தைச்சா நல்லா இருக்கும்" என்றாள். அவள் புருஷனுக்காக நடக்கிற காரியம். முடியாது என்று எப்படிச் சொல்வது? தைக்கிறேன் என்றேன்.

அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அப்படியேதான் நடந்தது. ஆளுக்குச் சில ஜேக்கெட் என்று பிரித்துக்கொண்டு போனவர்கள் ஒவ்வொருவராக என் கேட்டுக்கு வந்தார்கள். ஒருத்தியின் நூல் பிரிந்து துடைப்பமாகிவிட்டது. ஒருத்தி ஜேக்கெட்டின் முதுகோடு உள்துணியையும் கைப்பகுதியையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். அந்தச் சட்டைக்குள் கை நுழைக்க வேண்டுமென்றால் கையை வெட்டித்தான் நுழைக்க வேண்டும். இன்னொருத்தியின் மயிலிறகு, வெட்டிய பாகற்காய் மாதிரி இருந்தது. அவள் அதைப் பெருமையாக வேறு காட்டினாள். "கொஞ்சம் சரி பண்ணிக் கொடுத்துடுங்க சிஸ்டர்" என்று எல்லோரும் விட்டுவிட்டுப் போனார்கள். தலைவி மட்டும் வரவில்லை. அவர் மேற்பார்வை.

ஆக, முக்கால்வாசி ஜேக்கெட்டுகள் என் சோபாவில் குவிந்தன. நைலான் ஜேக்கெட்டுகள். அதில் பூவேலை செய்வதே மடத்தனம். மழைக்கும் காற்றுக்கும் போடுகிற துணியில் நூற்றுக்கணக்கில் ஊசித் துளை போட்டால், மழை எந்த வழியாக உள்ளே வரும் என்று தேட வேண்டியதில்லை, வழியை நாமே போட்டுக் கொடுத்துவிட்டோம். இதையும் தலைவிக்குப் போன் செய்து சொன்னேன். "மழை வந்தா ஒதுங்கி நிப்பாங்க லா" என்றார். காரில் போகிறவர்களுக்கு மழையும் ஒரு காட்சி.

பக்கத்து வீட்டுப் பெண் மதியத்தில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வருவாள். நூலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, நுனியை ஈரப்படுத்தி, ஊசியில் கோத்து வரிசையாகப் பஞ்சுத் தலையணையில் குத்தி வைப்பாள். நான் தைத்துக்கொண்டே திட்டுவேன். நூலைத் திட்டுவேன், அதைக் கண்டுபிடித்தவனைத் திட்டுவேன், தலைவியின் கண்ணாடி அலமாரியைத் திட்டுவேன். அவள் புன்னகைத்துக்கொண்டு கேட்பாள். ஒரு தடவை மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அக்கா, இவரு சொல்றாரு..."

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்குன்னு சொல்றாரு."

நான் ஜரிகை அறுந்த கோபத்தில் இருந்தேன். மேலே கேட்கவில்லை.

முடித்த முதல் ஜேக்கெட்டை ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். இது உண்மையிலேயே மின்னுமா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு. பல் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. எல்லாவற்றிலும் சின்னப் பிள்ளை மாதிரி ஆர்வம். பல்லில் அடைத்த பசையை இறுக்குவதற்கு அவரிடம் நீல வெளிச்சம் அடிக்கும் ஒரு கைக்கருவி உண்டு. அதை மயிலிறகின் மேல் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, அறை விளக்கை அணைத்தார். மயிலின் கண் பச்சையாக எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. டாக்டர் கை தட்டினார். பல் பிடுங்க வந்து உட்கார்ந்திருந்த ஓர் அண்ணன், வாயில் பஞ்சோடு, "ம்ம்ம்" என்று வியந்தார்.

விளக்கைப் போட்டார், நாற்காலியில் இருந்தவரைக் கவனித்தார். வேலை முடித்து மறுபடி அணைத்தபோது அது பாதியாகியிருந்தது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. இது லாரிக்காரன் கண்ணில் பட வேண்டுமென்றால் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளின் பின்னாலும் ஒரு பல் டாக்டரை உட்கார்த்தி அனுப்ப வேண்டும் என்று அன்று மதியம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், தாமானின் பொது மண்டபத்தில். இருட்டில் மின்னும் பொருளைக் காட்டுகிற விழாவை முற்பகலில் வைப்பதற்குக் காரணம், ஒய்.பி.க்கு மதியம் ஒரு கல்யாணம் இருந்தது. அதனால் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டினார்கள். கதவிடுக்குகளில் நாளிதழ் ஒட்டினார்கள். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. ஜேக்கெட்டுகளை முந்தின நாளே தலைவி வாங்கிப் போய், மடித்து, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி, கார் டிக்கியில் வைத்திருந்தார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அல்லது, உண்மையில், சொல்லாமலே இருந்திருப்பேன்.

தலைவி பேசினார். ஓர் இறகு ஓர் உயிரைக் காக்கும் என்றார். பெண்களின் விரல்நுனியில் ஒரு சூரியன் இருக்கிறது என்றார். பெட்டியைத் திறந்து ஜேக்கெட்டுகளை மேடையில் நின்ற என்னிடமும் மற்றப் பெண்களிடமும் கொடுத்து, முதுகுப் பக்கம் தெரியும்படி விரித்துப் பிடிக்கச் சொன்னார். "லைட்ட ஆஃப் பண்ணுங்க" என்றார்.

அணைத்தார்கள்.

ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமே. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை பயந்து அழுதது. அந்தக் கும்மிருட்டில் முன்வரிசையிலிருந்து ஒய்.பி.யின் குரல் கேட்டது: "வெரி நைஸ்! வெரி நைஸ்!" அதைக் கேட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் என் பக்கத்தில் நின்றவளும் சிரிப்பை அடக்க முடியாமல் ஜேக்கெட்டால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

தலைவி இருட்டிலேயே என்னைத் தேடி வந்து காதில் கிசுகிசுத்தார். "ஏன் சிஸ்டர் மின்னல? நீங்க எந்த நூல்ல தைச்சீங்க?"

"நீங்க கொடுத்த நூல்லதான்க்கா. பெட்டிக்குள்ள மூடி வச்சிருந்தா எங்கேருந்து மின்னும்? முதல்ல வெளிச்சத்துல காட்டணும்."

விளக்கைப் போட்டார்கள். கருவாடு காயப் போடுகிற மாதிரி எல்லோரும் ஜேக்கெட்டைத் தலைக்கு மேலே டியூப் லைட்டை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். கை கடுத்தது. ஒய்.பி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி அணைத்தபோது ஏதோ மங்கலாக, பூஞ்சைக் காளான் மாதிரி, மேடை முழுக்கப் பச்சைத் திட்டுகள் தெரிந்தன. மறுபடி கை தட்டல். படம் எடுத்தார்கள். இருட்டில் எடுத்தால் இருட்டுதான் விழுந்தது. ஃபிளாஷ் போட்டு எடுத்தால் தேங்காய்ப்பால்தான் விழுந்தது.

பிறகு பக்கத்து வீட்டுக்காரரை மேடைக்கு அழைத்தார்கள். இரண்டு ஊன்றுகோல்களை ஊன்றி மெதுவாக ஏறி வந்தார். ஒய்.பி. அவர் தோளில் ஜேக்கெட்டைப் போர்த்தினார். கை இரண்டிலும் ஊன்றுகோல் இருந்ததால் அவரால் அதை வாங்கக்கூட முடியவில்லை. தலைவி மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஜேக்கெட் மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா, நம்ம தம்பிக்கு இப்படி ஆகியிருக்குமா? சொல்லுங்க தம்பி!"

மைக்கை அவர் வாய்க்கருகில் நீட்டினார். அந்தத் தம்பி கூச்ச சுபாவம். வியர்த்திருந்தது. "எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க" என்றார். "சாப்பாடு கொடுத்தீங்க, ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தீங்க. மறக்க மாட்டேன்." அதோடு நிறுத்தியிருப்பார். ஆனால் தலைவி மைக்கை எடுக்கவில்லை. "சொல்லுங்க தம்பி, அன்னைக்கு இருட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்று மறுபடியும் நீட்டினார். தம்பிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இருட்டு இல்லீங்க. அன்னைக்குப் புள்ளைக்குக் காய்ச்சல், வேலைக்கு லேட்டாத்தான் கிளம்பினேன். என்னை இடிச்சப்போ நல்ல வெயில். லோரிக்காரன் கைல போன வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தான். அவன் என்னைப் பார்க்கவே இல்லீங்க."

அந்த ஒரு கணம் தலைவியின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் எல்லா ஜேக்கெட்டையும் மறுபடி தைத்துக் கொடுக்கத் தயாராக இருந்தேன். ஆனால் தலைவிகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மூச்சு விடுகிற நேரத்தில் நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா? பட்டப்பகல்லயே இப்படின்னா, இருட்டுல போற நம்ம ஆளுங்களுக்கு எவ்ளோ ஆபத்து! அதுக்குத்தான் இந்த மயிலிறகு!"

இடி மாதிரி கை தட்டல். ஒய்.பி. மறுபடி வெரி நைஸ் என்றார்.

எல்லோரும் போன பிறகு மண்டபத்தின் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். என் கோபம் இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்க்கா."

"பின்ன ஏன் சொல்லல? நான் விரல்ல ரத்தம் வர தைச்சுக்கிட்டு இருந்தேன். நீ ஊசியில நூல் கோத்துக் கொடுத்துக்கிட்டு இருந்த."

அவள் குழம்புச் சட்டியை இரண்டு தடவை தேய்த்தாள்.

"எப்படிக்கா சொல்றது? அந்த நேரத்துல தினம் ஒரு வீட்டுலேருந்து சாப்பாடு வந்துச்சு. அத வாங்கிச் சாப்பிட்டுட்டு, நீங்க செய்றது தப்புன்னு சொல்ல முடியுமா? யாரும் இவர்கிட்ட எத்தனை மணிக்கு நடந்துச்சுன்னு கேக்கவும் இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

உதவி வாங்குகிறவர்கள் சாப்பாட்டை மட்டும் விழுங்க முடியாது. கூடவே, கொடுக்கிறவர்களின் கதையையும் விழுங்க வேண்டியிருக்கிறது. தினமும் என் சோபாவில் உட்கார்ந்து அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பாள் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கும்தான் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் வேலைக்குப் போவது என்றால் இருட்டில் போவது. அதனால் இடிபட்டதும் இருட்டில்தான் என்று எல்லோரையும் போல நானும் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் என் கணவர் புது ஜேக்கெட்டை எடுத்தார். நான் கேட்டருகில் அவருடைய தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன். அவர் ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிள் மேல் வைத்துவிட்டு, ஜேக்கெட்டை விரித்து, முதுகுப் பகுதியை நெஞ்சில் போட்டு, கைகளை முன்னாலிருந்து நுழைத்தார். ஜிப் பின்பக்கம் திறந்து தொங்கியது. மயிலிறகு அவர் நெஞ்சில், கழுத்துக்குக் கீழே, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"என்னது?"

"ஜேக்கெட்ட முன்பின்னா போட்டிருக்கீங்க!"

"எப்பவும் இப்படித்தானே போடுறேன். நெஞ்சுல காத்து அடிக்காம இருக்க. மோட்டார்ல போற எல்லாரும் இப்படித்தான் லா போடுவாங்க."

தெருவைப் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர் அப்படித்தான் போட்டிருந்தார். மூன்று வீடு தள்ளியிருந்தவரும் அப்படித்தான். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு மயிலிறகு. பின்னால் வரும் லாரிக்காரனுக்குத் தெரிவது வழக்கம்போலத் திறந்து கிடக்கும் சட்டையும் முதுகும்தான். தலைவிக்கு இது தெரியாததில் வியப்பில்லை, அவர் கார்க் கண்ணாடிக்கு உள்ளிருந்து உலகத்தைப் பார்க்கிறவர். ஆனால் நான் கல்யாணமான நாளிலிருந்து இந்த ஆளைத் தினமும் கேட்டில் நின்று வழியனுப்புகிறவள், பார்த்துப் பார்த்தே கவனிக்காமல் போனவள். நூலைப் பற்றி அத்தனை சண்டை போட்டேன். முதுகு எந்தப் பக்கம் வரும் என்று ஒரு தடவை நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் குழுவில் எல்லோரையும் விட நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு உண்டு. அன்று காலை அது கொஞ்சம் இறங்கியது.

"முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீ கேக்கலையே. ஏதோ அழகுக்குத் தைக்கிறீங்கன்னு நினைச்சேன்."

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்தவர் ஜேக்கெட்டைக் கழற்றியபோது, உள்சட்டையில் நெஞ்சில் ஈரம் சரியாக மயிலிறகு வடிவத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். ஓடு ஒழுகுகிற வீடு மாதிரி இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனரிடம் மலாயில் கேட்டு, நான் முதல் நாள் சொன்ன அந்த வெள்ளிப் பட்டையை வாங்கி வந்தேன். ஜேக்கெட்டின் முன்பக்க இரண்டு துண்டுகளிலும், அதாவது ஓட்டும்போது முதுகுக்கு வருகிற பக்கத்தில், பட்டையை வைத்துத் தைத்தேன். கைகளைச் சுற்றியும் தைத்தேன். முதுகில் திறந்து தொங்காமலிருக்க இரண்டு வெல்க்ரோ ஒட்டுப் பட்டியும் வைத்தேன். மயிலிறகைப் பிரித்து, துளைகளுக்கு மேலே உள்பக்கமாக ஒரு துண்டு நைலான் ஒட்டினேன். பருத்தி நூலில் தைத்தேன். கீச்சுச் சத்தமில்லை. பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மதியத்தில் முடிந்தது.

தெருவில் கேட்டவர்களுக்கும் தைத்துக் கொடுத்தேன். எல்லோரும் கேட்கவில்லை. எதிர் வீட்டுக்காரர் மயிலிறகைப் பிரிக்க வேண்டாம் என்றார். இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போது போன் வெளிச்சத்தை நெஞ்சில் அடித்துவிட்டு, கையால் மூடி இருட்டாக்கி, இடுக்கு வழியாகப் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் காட்டுவாராம். "டைம் போகுது சிஸ்டர்" என்றார். நடுவயது ஆண். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன்.

பக்கத்து வீட்டுத் தம்பி இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார், லேசாகச் சாய்ந்து. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். கம்பெனி பஸ்ஸில் பாலம் கடக்கிறார். கூட்டத்தில் நின்றுகொண்டே போக வேண்டியிருந்தாலும் முதுகுக்குப் பின்னால் எதுவும் வருகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை என்கிறாராம். அவருடைய மனைவி இப்போது என்னிடம் முன்பை விட அதிகம் பேசுகிறாள். நான் தவறாக ஏதாவது சொன்னால் "அப்படி இல்லக்கா" என்கிறாள். அது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வப்போது எரிச்சலாகவும் இருக்கிறது.

தலைவியிடம் ஜேக்கெட் முன்பின்னாகும் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒய்.பி.யோடு எடுத்த படம் சட்டம் போட்டு அவர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன வாரம் குழுவில் அடுத்த திட்டத்தை அறிவித்திருந்தார். முதியோர் இல்லத்துக்கு ஜரிகை நூலில் தலையணை உறைகள். ஜரிகை நூல். வயதானவர்கள் கன்னத்தை வைத்துப் படுக்கிற துணியில். கீழே, "எப்பவும் போல நம்ம சிஸ்டர் தைச்சுக் கொடுப்பாங்க" என்று என்னைக் குறிப்பிட்டிருந்தார்.

கிளினிக் மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். ஜரிகை கன்னத்தைக் கீறும், பருத்தி என்றால் தைக்கிறேன், இல்லையென்றால் என்னை விட்டுவிடுங்கள் என்று, மரியாதையாக, ஆனால் யாருக்கும் புரியாமல் போகாதபடி எழுதினேன். அனுப்பிவிட்டு, சண்டைக்குத் தயாராகக் காத்திருந்தேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒருத்தி கூப்பிய கைகள் போட்டாள். ஒருத்தி பூங்கொத்து போட்டாள். தலைவி ஓர் இதயம் போட்டுவிட்டு, பருத்தியா ஜரிகையா என்று ஒரு வார்த்தையும் இல்லாமல், உறைகளின் அளவை அனுப்பினார்.